கூட்டத்துக்கு முன் ஒரு பாட்டு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த எங்களுக்கு இசை என்றால் முதலில் தப்பு மேளம்தான். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, அழைத்ததும் அது, காமன் கூத்துக்கு முழங்கியதும் அது. அந்த மலைக்குப் பாரதியின் பாட்டைக் கொண்டுவந்தவர்களில் நான் முதலில் நினைப்பது மீனாட்சி அம்மையை.

அவர் கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத நாளில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனவர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தார். 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். கூட்டங்களில் அவர் பேசுமுன் அம்மை பாரதி பாட்டைப் பாடுவார். கங்காணிக்கு அஞ்சி ஒதுங்கி நின்ற பெண்களும் பாட்டென்றால் நெருங்கி வந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். எழுத்தறியாத சனத்திடம் பத்திரிகையைவிடப் பாட்டு வேகமாகப் போகும். பிறகு அம்மை தாமே பாட்டுக் கட்டினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவரது பாட்டு நூல் வந்தது.

ஒரு நாட்டின் இசை அங்குள்ள உழைக்கும் மக்களின் பாட்டில் வேர்விட வேண்டும் என்பது எங்கள் எண்ணம் மட்டுமல்ல. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1892இல் நியூயார்க் போனார். அமெரிக்க இசை கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்து எழவேண்டும் என்று மறு ஆண்டே சொன்னார். கடல் கடந்து வந்த பாரதி பாட்டும் வேர்விட எங்கள் மக்களின் பாடல்களில் அப்படியொரு மண்ணைத் தேடியது. அந்த மண்ணைத் திரட்டித் தந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் போனவர். கொழுந்து பறிப்போரின் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்தார். அம்மையின் பாட்டையும் அந்தப் பாடல்களையும் எங்கள் பிள்ளைகள் ஒரே மேடையில் பாடவேண்டும்.