கடல்நடுவே கிடைத்த ஓய்வு

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும் ஓய்வு என்பது யாது என்று வினவினால் விடை எளிதன்று. வேலையின்றி இருப்பதெல்லாம் ஓய்வாகுமா? கை சும்மா இருக்க, மனம் கவலையில் உழன்றால் அதனை ஓய்வென்று கூறலாமா? இவ்வினாவுக்கு நம்மவர் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. அது நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே விரிந்து கிடக்கும் கடலில் இருக்கிறது.

தண்ணீர்மலைப் படிகளில் ஏறிக் கிழக்கே நோக்குவோர்க்கு நகரமும் அதற்கப்பால் நீரிணையும் தோன்றும். அந்நீரிணைக் கரையில் 1904-ஆம் ஆண்டில் அமைந்த ஸ்வெட்டன்ஹாம் துறைக்கு இன்று உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. அடுக்குமாளிகை போன்ற அக்கப்பல்களின் பயணத்திலே ‘கடல் நாள்’ என்று ஒன்றுண்டு. அன்று கப்பல் எந்தத் துறையையும் தொடாது. பயணிகள் விரும்பியபோது எழுவர், விரும்பியதை உண்பர், சாய்வு நாற்காலியில் கிடந்து அலையை நோக்குவர். அந்த நாளுக்காகவே பணம் கொடுத்து வருவோரும் உளர்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1844-இல் பி அண்டு ஓ கம்பெனியார் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் இன்பப் பயணங்களை ஏற்பாடு செய்தனர். தாக்கரே என்னும் ஆங்கில நாவலாசிரியர் அவ்வாண்டில் அவர்கள் கப்பலில் சென்று, பின்னர் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். 1891-இல் ஜெர்மானியராகிய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் போதிய பயணிகளின்றி நட்டமுறும் கப்பலைச் சும்மா கிடக்க விடாது, செல்வர்களை ஏற்றி வெயில் நாடுகளுக்கு அனுப்பினார். கப்பல் ஓய்ந்திருக்கலாகாது என்ற வணிகக் கணக்கிலிருந்தே மனிதர் ஓய்ந்திருக்கும் பயணம் வளர்ந்தது!

அதே பி அண்டு ஓ கம்பெனியுடன் 1914-இல் இணைந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. நம் முன்னோரைச் சுமந்துவந்த ‘ரஜூலா’ அக்கம்பெனியின் கப்பலே. 1926-இல் கிளாஸ்கோ நகரிற் கட்டப்பட்ட அதில் மேல்வகுப்பு அறைகள் சிலவே. மேல்தட்டுப் பயணிகளுக்கோ ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. இடம் என்றால் கட்டிலன்று, பாய் விரிக்கும் அளவே. அதன் உடன்பிறப்பாகிய ‘ரோனா’ 1943-ஆம் ஆண்டு நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாகி ஆயிரவருக்கு மேற்பட்ட படைவீரருடன் மூழ்கிற்று. ரஜூலாவோ போரில் தப்பி, மீண்டும் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று தன் பழைய வழியிலே ஓடியது.

அக்கப்பலில் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். நாகையில் கப்பல் கரைக்கு வாராது. படகிலேறிச் சென்றே அதனை அடைதல் வேண்டும். அதன்பின் ஐந்தாறு நாள் கரையே காணாத கடல். தகரப்பெட்டி தலைமாட்டில், கைப்பிள்ளை மடியில், தலைசுற்றலும் வாந்தியும் எப்புறமும். எனினும் அங்கே பிரட்டு மணி அடிப்பதில்லை, மண்வெட்டி இல்லை, பால்வாளி இல்லை. ஊர்ப் பண்ணையார் பின்னே நின்றுவிட்டார். தோட்டத்துத் துரை இன்னும் முன்னே தோன்றவில்லை. ஊரில் ஒரே தெருவில் நடக்கக் கூடாதென்று விலக்கினவனும் விலக்கப்பட்டவனும் இங்கே அடுத்தடுத்த பாயிற் படுக்க நேர்ந்தது. சாத்திரங்கள் செய்யாததை இடநெருக்கடி செய்தது.

பிறந்தது முதல் உழைத்த ஒருவனுக்கு அடுத்தடுத்து ஐந்து நாள் வேலையின்றிக் கழிந்தது அப்போதுதான் எனலாம். ஆனால் அஃது ஓய்வா? இல்லை என்பதே எம் கருத்து. உல்லாசக் கப்பலில் ஏறுபவன் கையில், திரும்பும் நாள் குறித்த சீட்டு இருக்கிறது. தோட்ட முதலாளிகளிடம் தண்டிய பணத்தைக்கொண்டு 1907-இல் அமைந்த குடியேற்ற நிதியால் இலவசமாக வந்த தொழிலாளிக்குப் போகும் வழியே உறுதி. திரும்பும் வழி உறுதியன்று. கரை சேர்ந்ததும் மேல்தட்டில் வந்தோர் ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமிலே அடைபட்டுக் கிடந்தனர். அங்கும் வேலையில்லை, அதையும் ஓய்வென்பார் உண்டோ?

திரும்பிய பயணத்தையும் பாருங்கள். 1930-இல் உலகெங்கும் வாணிபம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் மீண்டும் அதே கடலைக் கடந்து தாயகம் அனுப்பப்பட்டனர். வேலை உண்டென்று கொண்டுவந்தவர்களே வேலை இல்லையென்று அனுப்பினர். 1938-இல் இந்திய சர்க்கார், உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தையே தடுத்து நிறுத்தினர். வருவதும் போவதும் பிறர் கணக்கிலே நடந்தன. பழைய செக்ரோல் ஏடுகளைப் புரட்டும் எம்போன்ற கிராணிமார் அறிவர்: அவ்வேடுகளிலே தொழிலாளியின் நாள் வந்த நாள், வராத நாள் என இரண்டே வகை. கடலில் கழிந்த நாள்கள் எக்கணக்கிலும் ஏறவில்லை.

ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பற் கழகத்திற்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்லும்போது தீப்பற்றிற்று. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. அத்தோடு அக்கடல்வழிப் பிரயாணிப் போக்குவரத்தும் முடிவுற்றது. கெந்திங் குழுமத்தார் 1993-இல் ஸ்டார் குரூசஸ் என்ற உல்லாசக் கப்பல் தொழிலைத் தொடங்கியபின், மேல்தட்டுப் பயணிகளின் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்குக் கடலேறலாயினர்.

இதனைக் குறைகூற வேண்டுவதில்லை, மகிழவே வேண்டும். தன் நாளைத் தானே ஆள்பவனுக்கே ஓய்வு உரியது. அவ்வுரிமை நம்மவர்க்கும் வந்தது நன்றே. ஆயினும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அதே நீலக்கடலைக் காணும் இளைஞன், இக்கடலைத் தன் பாட்டி எவ்வாறு கண்டாள் என்று கேட்டறிதல் வேண்டும். கம்பெனி ஏடுகளில் அவள் மேல்தட்டுப் பயணியரின் தொகையில் ஓர் எண் மட்டுமே. அவள் எந்தப் பெட்டியோடு வந்தாள், எவரை விட்டுவந்தாள், கரை தோன்றியபோது அஞ்சினாளா, மகிழ்ந்தாளா என்பதெல்லாம் அவள் வாயிலன்றி வேறெங்கும் இல்லை. அக்கப்பல்களில் வந்தோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். தோழர்களே, அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.