மர அறுப்பும் ரேகையும்

கைவேலை மரச்சாமான்களின் உறுதியையும் தோற்றத்தையும் பெரிதும் தீர்மானிப்பவை மரத்தை அறுத்த விதமும் அதன் ரேகை ஓடும் திசையும். ஈரம் வற்றும்போது மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்கும். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் மிகுதியாகவும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதியாகவும் சுருங்கும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலர்கையில் பின்னிரண்டு அளவுகளும் முறையே 5.8, 2.5 விழுக்காடு, வெள்ளை ஓக்கில் 10.5, 5.6.

வளையங்களை ஒட்டி அறுக்கும் தட்டை அறுப்பில் சேதாரம் குறைவு. பலகையில் கோபுர வடிவ ரேகை விழும். ஆனால் உலரும்போது பட்டைப் பக்கம் குழிந்து வளையும். மையத்திலிருந்து பட்டையை நோக்கி, அதாவது ஆரவாக்கில், அறுத்த பலகைக்கு விலை கூடுதல். ரேகை நேராக ஓடும், பலகை அதிகம் கோணாது. கதவுச் சட்டத்துக்கும் இழுப்பறைப் பக்கங்களுக்கும் அந்தக் கூடுதல் விலை தகும். ஓக்கில் இவ்வறுப்பு, மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடும் திசுக்களான ஆரக்கதிர்களைப் பளபளக்கும் செதில்களாக வெளிக்காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கஸ்டாவ் ஸ்டிக்லியின் பட்டறை செய்த எளிய மேசை நாற்காலிகளுக்கு அழகு சேர்த்தது இதுவே.

மேசைக் காலுக்கு, முனையில் வளையங்கள் மூலைக்கு மூலை சாய்ந்தோடும் கட்டை சிறந்தது. நான்கு முகங்களிலும் நேர் ரேகை தெரியும். வளைந்த நாற்காலிக் காலில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டால் சுமையில் ஒடிந்துவிடும். நிறத்தையும் பளபளப்பையும் பார்க்கும் முன் ரேகையின் ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மேசையின் அகன்ற மேற்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கக் கூடாது. திருகுகளுக்கு நீள்துளை விட்டால் பலகை வெடிக்காமல் சுருங்கி விரியும்.