இனிப்பு ஒயினும் மூழ்கிப்போன பாரனும்

போர்ட் ஒயினை முதல் தடவை குடிச்சப்போ, 'என்னடா இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு' என்றுதான் தோன்றியது. பெரிய கிளாஸ் நிறைய ஊத்திக்கிட்டது என் தப்பு :-) அதன் கதையைப் படித்த பிறகுதான் மரியாதை வந்தது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஓயாத சண்டை. பிரெஞ்சு ஒயின் கிடைக்காமல் ஆங்கில வியாபாரிகள் போர்ச்சுகல் பக்கம் போனார்கள். 1703-ல் மெதுவன் ஒப்பந்தம். பிரெஞ்சு ஒயினைவிட போர்ச்சுகல் ஒயினுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. அப்புறம் கேட்கணுமா? டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைந்த ஒயின், பீப்பாய் பீப்பாயாகப் படகில் இறங்கி, போர்ட்டோ நகரத்திலிருந்து கப்பலேறியது. பெயரும் அந்த ஊரால் வந்ததுதான்.

கடல் பயணத்தில் கெட்டுப்போகாமல் இருக்க கொஞ்சம் பிராந்தி கலந்தார்கள். அதையே திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போது ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட்டின் இனிப்பு இதுதான், வெளியிலிருந்து சர்க்கரை போடுவதில்லை. இப்போது நாலு பங்கு சாறுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு, 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயம் சேர்க்கிறார்கள்.

காசு புரண்டால் கலப்படமும் வருமே! நிறத்துக்காக எல்டர்பெர்ரி சாறு கலந்தார்கள். பின்னாளில் பொம்பால் பிரபு ஆன அமைச்சர், 1756-ல் ஒரு கம்பெனி அமைத்து, டோருவில் எந்த நிலத்து ஒயின் ஏற்றுமதிக்கு என்று எல்லை வகுத்து கல் நட்டார். கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757-ல் போர்ட்டோ மக்கள் கலகம் செய்தார்கள். பலரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிளாஸ் இனிப்புக்குப் பின்னால் இதுவும் இருக்கு.

அடுத்து ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர். ஆங்கில வியாபாரி, டோரு ஆற்றுக்கு வரைபடம் போட்டவர், போர்ச்சுகல் கொடுத்த பாரன் பட்டம் வேறு. 1844-ல் ஒரு சிறு புத்தகம் போட்டு, 'பிராந்தி ஊத்தி நல்ல ஒயினைக் கெடுக்கறீங்க' என்று சண்டைக்கு நின்றார். சக வியாபாரிகள் கொதித்தார்கள். 1861-ல் அதே டோரு ஆற்றின் சுழலில் படகு கவிழ்ந்து இறந்தார். இடுப்பில் கட்டியிருந்த காசுப்பையின் கனம்தான் இழுத்தது என்று ஒரு கதை உண்டு.

பிராந்தி ஜெயித்தது, பாரன் தோற்றார். ஆனாலும் மனுஷன் சொன்னது முழுத் தப்பில்லை. 1952-ல் பார்கா வெல்யா வந்தபோது, பிராந்தியே சேராத டோரு ஒயினும் உலகத்தரத்தில் இருக்கும் என்று தெரிந்தது.

இப்போ சின்ன கிளாஸில் கொஞ்சமா டானி போர்ட். பல வருஷம் பீப்பாயில் கிடந்து சிவப்பு மங்கி, வறுத்த பருப்பு வாசனையோடு வருவது. கூட ஒரு துண்டு சீஸ். மெதுவா உறிஞ்சினால், அந்த இனிப்புக்குள் பிராந்தியின் சூடு தெரியுது. பாரன் வேண்டாம்னு சொன்னது இதைத்தான். மன்னிச்சுக்கோங்க பாரன், எனக்குப் பிடிச்சிருக்கு.