கொலுவில் ஓடிய புகைவண்டி

தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. சரித்திரப் புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கோ, அந்த வண்டி நம் கொலுவுக்குள் புகுந்ததுதான் பெரிய சம்பவமாகப் படுகிறது.

மேற்படிகளில் தசாவதாரமும் மரப்பாச்சியும். கீழே தரையில் குழந்தைகளின் ராஜ்யம். தாமல் போன்ற ஏரிக்கரை ஊரில் மண்ணுக்கா பஞ்சம்? மண்ணைப் பரப்பிக் கடுகு தூவினால் நாலு நாளில் புல்வெளி. கண்ணாடித் துண்டைப் பதித்தால் ஏரி. அட்டையை வெட்டினால் ஸ்டேஷன். சாவி கொடுத்தால் தகர ரயில் சுற்றிவரும்.

வெள்ளைக்காரன் யந்திரத்தைக் கண்டு நாம் மிரண்டுவிடவில்லை. நிஜ எஞ்சினுக்கு ஆயுத பூஜையில் சந்தனப் பொட்டு வைத்தோம்; அதன் குட்டியைக் கொலுவில் ஓடவிட்டோம்.

1990களில் பெரிய பாதைகளில் நீராவி ஓய்ந்துவிட்டது. கொலுவில் இன்னும் ஓயவில்லை. ஆனால் இப்போது பூங்காவையே முழு செட்டாகக் கடையில் வாங்கிவிடுகிறோம். வாங்குகிறவர்கள் வாங்கட்டும்; ஸ்டேஷனையாவது குழந்தைகளே கட்டட்டும்.