கரண்டி பிடித்தவர் பெயர் என்ன?

சமையல் புத்தகத்தைச் சமைக்காமலே படிக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அடுப்படிப் பக்கமே போகமாட்டார்கள். சாயங்காலம் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, பொரிச்ச குழம்பு அத்தியாயத்தைத் தொடர்கதை மாதிரி ரசித்துப் படிப்பார்கள். 'ஒரு காபி போடத் துப்பில்லை, இதுல படிப்பு வேற!' என்று வீட்டில் ஏச்சும் விழும்.

அடியேனும் அந்தக் கூட்டம்தான். பி.காம். படித்தவனுக்கு இதில் கூடுதலாக ஒரு சுகம் உண்டு. சமையல் குறிப்பு என்பது ஒரு கணக்குப் புத்தகம். என்ன சாமான் உள்ளே போச்சு, எத்தனை பேருக்கு வெளியே வந்தது... எல்லாம் அதில் இருக்கும். கூர்ந்து படித்தால் அந்த வீட்டின் வரவு செலவே தெரிந்துவிடும். வீடு என்ன வீடு, ஒரு ராஜ்ஜியத்தின் கதையே தெரியும்!

சந்தேகமா? தஞ்சாவூருக்கு வாருங்கள்.

பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜ சோழன். கோயில் முடிந்தது 1010-ல். அந்தக் கல்வெட்டுகளில் சுவாமிக்கு அமுது படைக்கிற கணக்கும் வருகிறது. பழைய அரிசி, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், வெற்றிலை பாக்கு... எல்லாம் நாழி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்து வைத்த கணக்கு.

இதில் இருப்பதைவிட இல்லாததைப் பாருங்கள். மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகுதான் அவை நம் பக்கம் எட்டிப் பார்த்தன. ஆக, கடல் கடந்து படை அனுப்பிய சோழர்கள் சாப்பாட்டில் காரம் என்றால் மிளகுக் காரம்தான்!

இன்னொரு விஷயம். கோயில் பணிக்கு வந்த 400 ஆடல் பெண்களின் பெயர்களையும் ராஜராஜன் கல்லில் ஏற்றினான். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுகூட இருக்கிறது. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். வேலை செய்தவர்களின் பெயர் முக்கியம் என்று நினைத்திருக்கிறான் மனுஷன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலிலிருந்து பொடிநடையாக நடந்தால் அரண்மனை. அங்கே சரஸ்வதி மகால் நூலகம். அதை இந்த அளவுக்கு வளர்த்தவர் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டியது. நாடு கம்பெனிக்கு, கோட்டை மட்டும் ராஜாவுக்கு. கைச்செலவுக்கு வருஷம் 1 லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்!

நாடு போன ராஜா என்ன செய்வார்? எழுதி வைத்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த வைத்தியத்தைப் படத்தோடு எழுதி வைக்கச் சொன்னார். ஐரோப்பாவிலிருந்து புத்தகம் புத்தகமாக வரவழைத்துக் கையெழுத்துப் போட்டு வைத்தார். அடுப்படியையும் விடவில்லை. அப்படி மராத்தியில் எழுதப்பட்டதுதான் 'சரபேந்திர பாக சாஸ்திரம்'. நூலகமே பிற்பாடு அதைத் தமிழில் கொண்டுவந்தது.

அந்த அரண்மனையில் பிராமணச் சமையலுக்கு ஒரு மடைப்பள்ளி, மராத்தியர்களின் அசைவத்துக்கு ஒன்று, ஆங்கிலேயச் சமையலுக்குத் தனியாக ஒன்று. இங்கிலீஷ் சமையல் எதற்கு? கம்பெனியின் ரெசிடென்ட் துரை ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே! நாட்டை எடுத்துக்கொண்டவனுக்கு விருந்தும் வைத்தாக வேண்டும். 1799 ஒப்பந்தத்தின் நிஜமான அர்த்தம் எந்தச் சரித்திரப் பாடத்தையும்விட இந்த மூன்றாவது அடுப்பில் நன்றாகத் தெரிகிறது.

சரி, தலைப்பைப் பாருங்கள். சரபேந்திர பாக சாஸ்திரம். சரபேந்திரர் என்றால் சரபோஜி. ராஜாவா கரண்டி பிடித்தார்? சாம்பார் கதையும் இப்படித்தான். தஞ்சை அரண்மனைக்கு விருந்தாளியாக வந்த சம்பாஜியின் பேரால் சாம்பார் வந்தது என்பார்கள். ருசியான கதை, ஆதாரம் கேட்டால்தான் இலை காலி. அந்தக் கதையிலும் பேர் தட்டியது சாப்பிட்டவர்தான், சமைத்தவர் இல்லை!

சரபோஜி 1832-ல் காலமானார். அதற்குப் பிறகு தமிழில் சமையல் புத்தகங்கள் பல அச்சாயின. ஆனால் ஊரெல்லாம் நிலைத்த ஒரு பெயர் 1951-ல்தான் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள். சென்னைக்காரர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். இவரிடம் பக்குவம் கேட்டு உறவுக்காரர்கள் ஓயாமல் எழுத, பெரியவர் ஒருவர் 'புத்தகமாகவே போட்டுவிடேன்' என்றார். 'சமைத்துப் பார்' பிறந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் கல்யாணமாகிப் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே இந்தப் புத்தகமும் போயிருக்கிறது. அட்டையில் ராஜா இல்லை, துரை இல்லை. அடுப்படியில் நின்ற ஒரு பெண்மணியின் பெயர்!

உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு பழைய நோட்டு இருக்கும். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, பென்சில் எழுத்து. அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ எழுதியது. உளுத்தம்பருப்பு ஒரு ஆழாக்கு, பெருங்காயம் கொஞ்சம் என்று இருக்கும். எடுத்து ஒரு நாள் சும்மா படித்துப் பாருங்கள், சமைக்கவே வேண்டாம். படித்து முடித்ததும் முதல் பக்கத்தைத் திருப்புங்கள். பெயர் இருக்காது. ஒரு பேனா எடுத்து எழுதிவிடுங்கள்.