டி செல் செயலூக்கமும் மேற்பரப்புப் புரதங்களும்

டி செல் என்னும் வெள்ளணு தனக்குரிய ஆன்டிஜெனை அடையாளம் கண்டு, பல்கிப் பெருகி, தாக்கத் தயாராவதே டி செல் செயலூக்கம். செல்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதால்தான் இது தொடங்குகிறது, அடங்குவதும் அவற்றாலேயே.

தூண்டல்

கிருமியின் புரதத் துணுக்கைக் கிளைச்செல் என்னும் நோயெதிர்ப்புச் செல் தன் எம்எச்சி மூலக்கூறில் ஏந்திக் காட்டும். டி செல் ஏற்பி அதைப் பற்றுவது முதல் சமிக்ஞை. டி செல்லின் சிடி28 புரதம், கிளைச்செல்லின் சிடி80 அல்லது சிடி86 உடன் பிணைவது இரண்டாவது சமிக்ஞை. இரண்டாவது கிடைக்காத டி செல் முடங்கிவிடும். நம் சொந்தத் திசுக்கள் தாக்கப்படாமல் காக்கும் ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று.

தடை

செயலூக்கம் பெற்ற டி செல்லில் சிடிஎல்ஏ-4 தலைகாட்டும். சிடி28ஐவிட இறுக்கமாக இது சிடி80ஐப் பற்றிக்கொள்ளும். அதைப் பிடுங்கித் தன் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள், கட்டுக்கடங்காத டி செல் பெருக்கத்தால் சில வாரங்களில் இறப்பது 1995இல் தெரியவந்தது. மற்றொரு தடைப்புரதம் பிடி-1. பிற செல்களிலுள்ள பிடி-எல்1 புரதம் அதனுடன் பிணைந்ததும் எஸ்எச்பி2 நொதி வந்து சிடி28இன் சமிக்ஞையை அணைக்கும். பல புற்றுக்கட்டிகள் பிடி-எல்1ஐ மிகுதியாகச் சுமந்தே தப்பிக்கின்றன.

பக்கவாட்டுப் பிணைப்பு

ஒரே செல்லில் அருகருகே இருக்கும் சிடி80உம் பிடி-எல்1உம் பக்கவாட்டில் பிணையும். அப்படிப் பிணைந்த பிடி-எல்1ஆல் பிடி-1ஐப் பற்ற முடியாது; சிடி80 மட்டும் சிடி28ஐத் தொடர்ந்து தூண்டும். 2019இல் வெளியான இந்த முடிவு, தூண்டலையும் தடையையும் தனித்தனியே கணக்கிட முடியாது என்பதை உணர்த்தியது.

மருத்துவப் பயன்

சிடிஎல்ஏ-4, பிடி-1 தடைகளை நீக்கிப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பிடி-1ஐ மறைக்கும் நிவோலுமாப் மருந்தின் விலை இந்தியாவில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

ஆனால் குறைந்த அளவு நிவோலுமாபே பிடி-1 ஏற்பிகளைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். இதை நம்பி மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வாய்வழி மருந்துகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். 2022இல் வெளியான முடிவின்படி, இதைச் சேர்த்ததால் ஓராண்டு உயிர்வாழ்ந்தோரின் பங்கு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. ஏற்பி எப்போது நிரம்பும் என்ற அடிப்படை அறிவே இங்கே மருந்தை ஏழைகளுக்கு அருகில் கொண்டுவந்திருக்கிறது.