பிடி

பிடி என்பது வினையாகவும் பெயராகவும் நிற்கும் சொல். மலையாளத்திலும் அது பிடிதான். கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹிடி’ ஆனது. கத்திக்குப் பிடி, சோற்றில் ஒரு பிடி, பிரிஞ்சாங் மலைச் சரிவில் பறிக்கும் தேயிலைக் கொழுந்திலும் ஒரு பிடி. ‘கைப்பிடி’தான் கபடி ஆயிற்று என்பாரும் உண்டு.

பிடித்து ஆடும் இன்னோர் ஆட்டமான ரக்பிக்கு நூறு மீட்டர் நீளச் சமதரை வேண்டும். கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். தேயிலை மலையில் அவ்வளவு சமதரை கிடைப்பதே பெரிது. இரண்டிலும் காப்பவரின் ஆயுதம் பிடிதான். ரக்பியில் தோளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. கபடியில் முடியையோ உடையையோ பற்றக் கூடாது, வாயைப் பொத்தவும் கூடாது.

கபடிப் பிடியில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஆபத்து. கணுக்காலைப் பிடித்தவர் தவறவிட்டு, பாடிவந்தவர் தன் பக்கம் திரும்பிவிட்டால், பிடித்தவரே ஆட்டமிழப்பார். பாடிவந்தவர் தரையில் விழுந்தும் ஒரு விரலை நடுக்கோட்டில் வைத்துவிட்டால், அவரைத் தொட்ட அத்தனை பேரும் வெளியே. அதனால்தான் இருவர் கைகோத்துச் சங்கிலி போடுகிறார்கள். அதற்குப் பாடிவருபவரின் மாற்று, குனிந்து அந்தக் கைகளுக்கு அடியில் நுழைந்து ஓடுவது. ‘டுப்கி’ என்பார்கள், கபடி வீரர் பர்தீப் நர்வால் அதில் பெயர்பெற்றவர். ரக்பியில் காப்பு வரிசை ஒன்றாகப் பாய்ந்து வந்தால் பந்தை அதன் தலைக்கு மேல் உதைத்து, பின்னால் உள்ள காலியிடத்துக்கு ஓடுவார்கள்.

பிடியிலிருந்து நழுவுவதைப் ‘பிடி கொடுக்காமல்’ என்கிறோம். பேச்சில் நழுவுபவருக்கும் அதே தொடர்தான்.